கடுகளவுச் சிலந்திக்குப் பெயர் கிடைக்கும் வழி: டர்பன் சருகிலிருந்து அறிவியல் பட்டியல் வரை

எங்கள் ஆயா அரிசி புடைத்த சுளகில் இப்போது நான் சருகு புடைக்கிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மரநிழலில் மக்கிக் கிடக்கும் இலையை இரண்டு கை அள்ளி, பெரிய கண் சல்லடையில் குலுக்கி, கீழே விழும் தூளை வெள்ளைத் துணியில் பரப்பிவிட்டு அசையாமல் உட்கார வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது. ஒரு நிமிடம் போனதும் தூளிலேயே ஒரு துளி எழுந்து நடக்கும். கடுகைவிடச் சிறிய உடம்பு, கருத்த தலை, எட்டுக் கால். அதுதான் குள்ளச் சிலந்தி.

உலகில் பெயர் சூட்டப்பட்ட சிலந்திச் சிற்றினங்களின் எண்ணிக்கை 2022 ஏப்ரலில் 50,000-ஐத் தொட்டது. தென்னாப்பிரிக்காவில் மட்டும் 2,200-க்கு மேல் பதிவாகியிருக்கின்றன. அப்படியிருந்தும் இந்தச் சின்னஞ்சிறு சிலந்திகளைப் பொறுத்தவரை ஆப்பிரிக்கக் காட்டுத்தரை இன்னும் சரியாகத் தேடப்படவில்லை. 'புதிய குள்ளச் சிலந்தி விவரிக்கப்பட்டது' என்று எங்கோ ஒரு வரிச் செய்தி வரும்போது, அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்னென்ன வேலை நடந்திருக்கும் என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன். அந்த வேலையில் முதல் பாதியை நீங்களும் நானும் செய்யலாம். மறுபாதிக்கு வகைப்பாட்டு ஆய்வாளர் வேண்டும். அவர் நம்மிடம் எதிர்பார்ப்பது இரண்டே இரண்டு: முதிர்ந்த ஆண் சிலந்தி ஒன்று, அது எங்கே எப்போது கிடைத்தது என்று அழியாமல் சொல்லும் சீட்டு ஒன்று.

தேடப்போகும் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

குள்ளச் சிலந்திகள் லினிஃபிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. ஜான் பிளாக்வால் 1859-இல் வகுத்த குடும்பம் இது. தாவும் சிலந்திகளுக்கு அடுத்தபடியாக உலகிலேயே பெரிய சிலந்திக் குடும்பம். 4,800-க்கும் அதிகமான சிற்றினங்கள். இதற்குள் எரிகோனினே என்ற துணைக்குடும்பத்தைத்தான் குள்ளச் சிலந்திகள் என்கிறோம். பெரும்பாலானவை ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் வரைதான் வளரும்.

திருவானைக்காவில் சிவலிங்கத்தின் மேல் சருகு விழாமல் பந்தல் நெய்த சிலந்தியின் கதை நமக்குத் தெரியும். அந்தச் சிலந்திதான் மறுபிறவியில் கோச்செங்கட் சோழனானது என்பார்கள். லினிஃபிடே சிலந்தி நெய்வதும் அப்படியொரு பந்தல்தான். வட்டச் சக்கரம் போன்ற வலை கிடையாது. தரைக்கு இணையாக விரித்த மெல்லிய துணி மாதிரி இருக்கும். சிலந்தி அதன் அடியில் தலைகீழாகத் தொங்கும். மேலே வந்து விழும் நுண்பூச்சியை வலைக்குள்ளாகவே கடித்துக் கீழே இழுத்துக்கொள்ளும். குள்ளச் சிலந்திகளின் பந்தல் சில சமயம் ஒரு மாட்டுக் குளம்புத் தடத்தை மூடும் அளவுதான். காலைப் பனியில் மட்டும் கண்ணுக்குத் தெரியும். வெயில் ஏறியபின் பார்க்கவேண்டுமென்றால் செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் குப்பியால் மென்மையாகத் தூவிப் பாருங்கள்.

எனக்கு இவற்றின் மேல் ஆசை வந்ததற்குக் காரணம் ஆண்களின் தலை. மனிதக் கண்ணுக்குத் தெரியாத அளவில் இயற்கை இவ்வளவு வேலைப்பாடு செய்திருக்கிறது என்பதை நான் நம்பவே வெகுநேரம் ஆனது. ஐரோப்பாவில் வாழும் வால்கெனேரியா அக்குமினாட்டா என்ற சிற்றினத்தில் ஆணின் கண்கள் தலையிலிருந்து எழும் ஒரு மெல்லிய கோபுரத்தின் மேல் இருக்கின்றன: சில உச்சியில், சில பாதி வழியில். ஈடோதோராக்ஸ் கிப்போசஸ் என்ற இன்னொன்றில் ஆணுக்கு முதுகில் ஒரு கூன், கூனுக்கு முன்னால் ஒரு பள்ளம். இணைசேரும் நேரத்தில் பெண் தன் வாயை அந்தப் பள்ளத்தில் வைத்து அங்கே சுரக்கும் திரவத்தைக் குடிக்கிறது. அதே சிற்றினத்தில் கூனே இல்லாத ஆண்களும் உண்டு. முன்பு இவ்விரண்டையும் வெவ்வேறு சிற்றினங்கள் என்று எண்ணிப் பெயர் வைத்திருந்தார்கள். இதை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

பறப்பதும் இவற்றின் தொழில். புல்நுனியில் ஏறி, வயிற்றைத் தூக்கி, நூலை வெளியே விட்டு, காற்றோடு போய்விடும். 1832-இல் பீகிள் கப்பல் தென்னமெரிக்கக் கரையிலிருந்து சுமார் 60 மைல் தள்ளி நின்றபோது ஆயிரக்கணக்கான குட்டிச் சிலந்திகள் கப்பல் கயிறுகளில் வந்து இறங்கியதை டார்வின் எழுதிவைத்திருக்கிறார். காற்று மட்டும் காரணமில்லை என்பது 2018-இல் தெரிந்தது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் எரிகா மார்லியும் டேனியல் ராபர்ட்டும் காற்றே அசையாத பெட்டிக்குள் எரிகோனே என்ற குள்ளச் சிலந்திகளை வைத்து மின்புலத்தை மட்டும் கொடுத்தார்கள். சிலந்திகள் கால்நுனியில் எழும்பி நின்று பறக்கத் தயாராயின. மழை விட்ட மறுநாள் காலை வேலிக் கம்பியின் மேல் பளபளக்கும் நூல்களைப் பார்த்தால், இவை ஊர்விட்டு ஊர் போகின்றன என்று பொருள்.

அனுமதி

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதைத் தாண்டிப் போகாதீர்கள். குவாசுலு-நாட்டால் மாகாணத்தில் காட்டுயிர் சேகரிக்க எசெம்வேலோ அமைப்பின் எழுத்துமூல அனுமதி வேண்டும். மேற்குக் கேப்பில் கேப்நேச்சர். நகராட்சிக் காப்பகமென்றால் அதன் நிர்வாகத்திடமும் கேளுங்கள். தனியார் நிலமென்றால் சொந்தக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். மாதிரியை வெளிநாட்டு ஆய்வாளருக்கு அனுப்ப இன்னொரு அனுமதி தனியாக உண்டு. அனுமதியில்லாமல் எடுத்த சிலந்தி எவ்வளவு அரியதானாலும் நல்ல அருங்காட்சியகம் ஏற்காது. உங்கள் உழைப்பு முழுவதும் வீண்.

எந்த மாதம், எந்த இடம்

எங்கள் பக்கத்தில் மழைக்காலம் கோடையில்தான். நான் கணக்கு வைத்திருப்பது பண்டிகையை வைத்து: தீபாவளி முடிந்ததிலிருந்து தைப்பூசக் காவடி வரை சருகு ஈரமாக இருக்கும், முதிர்ந்த சிலந்திகளைத் தேட நல்ல காலம். ஆடிக் கஞ்சி ஊற்றும் ஜூலை, ஆகஸ்டில் தரை காய்ந்துவிடும். இருந்தாலும் அதே இடத்துக்கு அப்போதும் ஒருமுறை போங்கள். குளிர்மாதங்களில் முதிரும் சிற்றினங்கள் இந்தக் குடும்பத்தில் உண்டு. கோடையில் மட்டும் போகிறவருக்கு அவை வாழ்நாள் முழுக்க அகப்படாது.

பழகுவதற்கு வீட்டுத் தோட்டமே போதும். அப்புறம் சாட்ஸ்வொர்த்தில் சில்வர்க்ளென், குளூஃப் பக்கம் கிரான்ட்ஸ்குளூஃப் பள்ளத்தாக்கு என்று போகலாம். ஆனால் பொதுவாக லினிஃபிடே குளிர்ந்த, ஈரமான மேட்டுநிலத்தை விரும்பும் குடும்பம். கார்க்லூஃப் பக்கத்து மூடுபனிக் காடுகளும் டிரேக்கன்ஸ்பெர்க் மலையின் புல்தூர்களும் கடற்கரையோரத்தைவிட அதிகம் தரும். எனக்கு ஒரே நாள்தான் கிடைக்கும் என்றால் மலைக்குத்தான் போவேன்.

காலுறைக்குள் பேன்ட்டைச் சொருகிக்கொள்ளுங்கள். இங்கே உண்ணி கடித்தால் காய்ச்சல் வரும். வீடு திரும்பியதும் உடம்பு முழுக்கத் தேடிப் பார்க்கவேண்டும். சருகைக் கையால் அள்ளுமுன் குச்சியால் கிளறுங்கள். பஃப் ஆடர் என்னும் விரியன் சருகு நிறத்திலேயே அசையாமல் படுத்திருக்கும்.

சலிப்பது, காயவைப்பது, குழி வைப்பது

மாவுச் சல்லடை ஆகாது, கண் மிகச் சிறியது. ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் கண் உள்ள கம்பிவலையை ஒரு சட்டத்தில் அடித்துக்கொள்ளுங்கள். மேல்சருகை விட்டுவிட்டு, அதற்கடியில் கருத்து ஈரமாகப் பிசுபிசுக்கும் அடுக்கை எடுத்துச் சலியுங்கள். விழும் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளைத் துணியிலோ சுளகிலோ பரப்பிப் பார்க்கவேண்டும். சிலந்தி நகர்ந்தால், எத்தனாலில் நனைத்த மெல்லிய ஓவியத் தூரிகையின் நுனியால் தொடுங்கள், ஒட்டிக்கொள்ளும். விரலாலோ இடுக்கியாலோ காலைப் பிடிக்கக் கூடாது. இவை காலை மூட்டிலேயே கழற்றிவிட்டு ஓடும்.

கண்ணுக்குத் தப்பியவற்றுக்குப் புனல். இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் புட்டியின் மேல்பாதியை வெட்டிக் கவிழ்த்து, உள்ளே வலைத்துணி வைத்து, அதன்மேல் சலித்த தூளைப் பரப்பி, கீழே எத்தனால் உள்ள சீசாவை வையுங்கள். மேலே ஒரு சிறு விளக்கு. தூள் மேலிருந்து காயக் காய, உயிர்கள் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கிச் சீசாவில் விழும். மூன்று நான்கு நாள் பொறுக்கவேண்டும். வேகமாகச் சூடேற்றினால் இறங்குமுன்பே அவை அங்கேயே காய்ந்துவிடும். லோட் ஷெட்டிங் காலத்தில் எனக்கு விளக்கு பலமுறை அணைந்தது. அதற்குப் பிறகு விங்க்லர் பை தைத்துக்கொண்டேன். வலைப்பைக்குள் தூளைப் போட்டு, அதைத் துணிப்பைக்குள் தொங்கவிட்டால் மின்சாரமே இல்லாமல் தானாகக் காய்ந்து உயிர்கள் கீழே விழும். தூக்கிக்கொண்டு மலைக்கும் போகலாம். புனலைவிட இதையே எல்லோருக்கும் சொல்வேன்.

ஆண்களுக்குக் குழிப்பொறி. ஆண் முதிர்ந்ததும் வலையை விட்டுப் பெண்ணைத் தேடி அலையும், அப்போதுதான் விழும். ஒரு பிளாஸ்டிக் குவளையை விளிம்பு மண்மட்டத்துக்குச் சரியாக இருக்கும்படி புதையுங்கள். விளிம்பு ஒரு மில்லிமீட்டர் மேலே நின்றால்கூட, இரண்டு மில்லிமீட்டர் சிலந்திக்கு அது மதில்சுவர், சுற்றிக்கொண்டு போய்விடும். உள்ளே புரோப்பிலீன் கிளைக்கால் ஊற்றுங்கள். கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், நாய் குடித்தால் செத்துவிடும், அதைத் தொடாதீர்கள். மழைக்கு மேலே கூரை ஓடு ஒன்றைச் சிறு கற்களின் மேல் நிறுத்தி வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்துவிடவேண்டும், பொறியை மறந்து வைத்துவிட்டு வரக் கூடாது.

ஒருமுறை என் பெரியம்மா இந்தச் சீசாக்களைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உசிரை எடுத்துட்டுத்தான் பேரு வைக்கணுமாடா?" அந்தக் கேள்வி எனக்குள் இன்னும் இருக்கிறது. குள்ளச் சிலந்தியை ஒளிப்படத்தை மட்டும் வைத்துச் சிற்றினம்வரை அடையாளம் காண்பது அநேகமாக முடியாது. பெயரில்லாத உயிரைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்க முடியாது. அது வாழும் காட்டை வெட்டும்போது அதற்காகப் பேசவும் முடியாது. அதனால் எடுக்கிறேன். ஆனால் கையால் பிடிக்கும்போது குஞ்சுகளை அங்கேயே விட்டுவிடுகிறேன், ஒரே இடத்தில் தேவைக்கு மேல் எடுப்பதில்லை, சலித்த சருகை எடுத்த இடத்திலேயே கொட்டி மூடிவிட்டு வருகிறேன். பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது, "மூடிட்டு வர்றியா? அப்ப சரி" என்றார்.

சீட்டு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

முதல் கோடையில் நான் சேர்த்த சீசாக்களில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிய சீட்டுகளைப் போட்டேன். ஆறு மாதம் கழித்து எடுத்தபோது நான்கு சீசாக்களில் வெள்ளைக் காகிதம் மட்டும் மிதந்தது. மை எத்தனாலில் கரைந்துவிட்டது. அதில் ஒன்றில், தலை மேடாக எழும்பிய ஓர் அழகான ஆண். அதைப் பார்த்த ஆய்வாளர் வெகுநேரம் நுண்ணோக்கியை விட்டு எழவில்லை. பிறகு, "நல்ல ஆண். எங்கே கிடைத்தது?" என்று கேட்டார். சில்வர்க்ளென்னா, கிரான்ட்ஸ்குளூஃபா, எங்கள் தோட்டமா? என்னால் சொல்ல முடியவில்லை. அந்தச் சிலந்தி இன்றும் பெயரில்லாமல் என்னிடம்தான் இருக்கிறது.

ஆகவே: கெட்டியான பருத்திக் காகிதம். பென்சில், அல்லது எத்தனாலில் கரையாத ஆவண மை. சீட்டு சீசாவுக்கு உள்ளே இருக்கவேண்டும். வெளியே ஒட்டியது என்றாவது உரிந்துவிடும். நாடு, மாகாணம், இடத்தின் பெயர், அட்சரேகையும் தீர்க்கரேகையும் தசமத்தில் நான்கு இலக்கம்வரை, கடல்மட்டத்திலிருந்து உயரம், தேதி, வாழிடம், பிடித்த முறை, பிடித்தவர் பெயர். மாதத்தை ரோமன் எண்ணிலோ எழுத்திலோ எழுதுங்கள். 3/4 என்று எழுதினால் மார்ச் 4-ஆ ஏப்ரல் 3-ஆ என்று இன்னொரு நாட்டில் இருப்பவருக்குத் தெரியாது. 'காடு' என்று நிறுத்தாமல் 'ஓடையோரம், மஞ்சள்மரத்தடி, ஈரச் சருகு' என்று எழுதுங்கள். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று விடாதீர்கள், சிலந்தி சீசாவுக்குள் போன அதே இடத்தில் உட்கார்ந்து எழுதுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு புதிய சிற்றினம் சேகரிக்கப்பட்ட நாளிலிருந்து பெயர் சூட்டப்படும் நாள்வரை சராசரியாக 21 ஆண்டுகள் ஆகின்றன என்று 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. பல உயிரினக் குழுக்களைச் சேர்த்துப் பார்த்த சராசரி அது. உங்கள் சீசாவைத் திறக்கப்போகிறவர் இன்று பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கலாம். அவருக்கு உங்களைத் தெரியாது, உங்களிடம் கேட்கவும் முடியாமல் போகலாம். சீட்டு மட்டும்தான் பேசும்.

திரவம் 70 முதல் 80 சதவீத எத்தனால். மரபணுவும் பார்க்கவேண்டுமென்றால் ஒரு பகுதியை 95 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தனாலில் உறைபெட்டியில் வையுங்கள். கடையில் ஊதா நிறத்தில் விற்கும் மெதிலேட்டட் ஸ்பிரிட் நெடுநாள் வைக்க ஏற்றதல்ல. எத்தனாலில் நிறம் மங்கிவிடும் என்பதால் உயிரோடு இருக்கும்போதே ஒரு படம் எடுத்து, அந்தப் படத்தின் எண்ணைச் சீட்டிலும் குறித்துவிடுங்கள்.

குள்ளச் சிலந்திதானா?

சிறியதெல்லாம் குள்ளச் சிலந்தியில்லை. பெரிய சிலந்திகளின் குஞ்சும் சிறியதுதான். முதலில் முதிர்ந்ததா என்று பாருங்கள். முகத்துக்கு முன்னால் கால்போல நீண்டிருக்கும் இரண்டு உறுப்புகளுக்குப் பால்ப் என்று பெயர். முதிர்ந்த ஆணுக்கு அதன் நுனி குத்துச்சண்டைக் கையுறை மாதிரி பருத்திருக்கும். முதிர்ந்த பெண்ணுக்கு வயிற்றின் அடியில், நடுவில், எபிஜைன் என்னும் கருத்த தகடு தெரியும். இரண்டும் இல்லையென்றால் அது இளசு. அதை வைத்து மேலே போக முடியாது.

அடுத்து குடும்பம். பத்து மடங்கு லென்ஸ் போதும். கண்கள் எட்டா? ஆறுதான் என்றால் பெரும்பாலும் வேறு குடும்பம். மெல்லிய கால்களில் நிமிர்ந்த முட்கள் இருக்கின்றனவா? தாடையின் வெளிப்பக்கத்தில் அரத்தின் பல்போன்ற நெருக்கமான கோடுகள் ஓடுகின்றனவா? இவை லினிஃபிடேயின் அடையாளம். பெரும்பாலும் குழப்புவது தெரிடிடே குடும்பம். அவற்றுக்கு நான்காம் காலின் நுனியில் சீப்புபோல ரோம வரிசை இருக்கும், கால் முட்கள் அரிது. எரிகோனினே பெண்களின் பால்ப் நுனியில் நகம் இருக்காது. ஆண்களின் பால்ப்பில், கையுறைக்கு முந்தின கணுவில், கொம்புபோன்ற ஒரு நீட்சி இருக்கும்.

பால்ப்பைப் படிப்பது

சிற்றினத்தின் கையெழுத்து இங்கேதான் இருக்கிறது. ஆண் ஒரு சிறு வலையில் விந்துத் துளியை விட்டு, பால்ப்பால் உறிஞ்சி வைத்துக்கொண்டு, பெண்ணிடம் செலுத்துகிறது. அந்தக் கருவியின் வளைவும் கொக்கியும் சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறும். உடம்பின் நிறமும் அளவும் ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு சிலந்திகள் பால்ப்பைப் பார்த்தால் தனித்தனி என்று தெரியவரும்.

ஸ்டீரியோ நுண்ணோக்கி வேண்டும். குறைந்தது 40 மடங்கு. சொந்தமாக இல்லையென்றால் அருகிலுள்ள பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறையில் கேட்டுப் பாருங்கள். சிறு கண்ணாடித் தட்டில் கழுவிய வெள்ளை நுண்மணலைப் பரப்பி, மேலே எத்தனால் ஊற்றி, சிலந்தியை மணலில் சாய்த்து வைத்தால் வேண்டிய கோணத்தில் நிற்கும். படமெடுக்கக் கை சுத்திகரிக்கும் தெளிந்த ஜெல்லில் சிலந்தியைப் பதித்து, மேலே எத்தனால் விட்டால் அசையாது.

இடது பால்ப்பைக் கழற்றி உட்பக்கம், வெளிப்பக்கம், கீழ்ப்பக்கம் என்று மூன்று கோணத்தில் வரைவது வழக்கம். வெளிப்பக்கத்தில் கொக்கிபோல வளைந்து தனித்துண்டாக நிற்கும் பாராசிம்பியம் லினிஃபிடேயில் முக்கியமானது. எம்போலஸ் எனப்படும் செலுத்துகுழல் குட்டையா, நீண்டு சுருண்டதா என்று பாருங்கள். பெண்ணின் எபிஜைனை வெட்டி எடுத்துக் கிராம்பு எண்ணெயில் ஊறவைத்தால் தசை கண்ணாடிபோலத் தெளிந்து உள்குழல்கள் தெரியும். மருந்துக்கடையில் பல்வலிக்கு விற்கும் அதே எண்ணெய்தான்.

படமெடுத்தாலும் கையாலும் வரையுங்கள். மோசமாக வரைந்தாலும் பரவாயில்லை. பென்சில் ஒவ்வொரு விளிம்பிலும் நின்று போகும்போதுதான் கண் அதைப் பார்க்கிறது. நான் கவனிக்காமல் விட்ட பல்லையும் மடிப்பையும் எனக்குக் காட்டியது பெரும்பாலும் பென்சில்தான்.

புதியதா என்று எப்படித் தெரியும்?

'எனக்குத் தெரியாது' என்பதும் 'யாருக்கும் தெரியாது' என்பதும் ஒன்றில்லை. இங்கே அவசரப்படாதீர்கள்.

முதலில் கப்பலேறி வந்தவர்களைக் கழியுங்கள். நம் முன்னோர் 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்து இறங்கிய மாதிரி, செடித்தொட்டியிலும் வைக்கோலிலும் ஒளிந்து உலகம் சுற்றிய சிலந்திகள் இந்தக் குடும்பத்தில் உண்டு. செம்மஞ்சள் வயிறும், நூல்சுரப்பிகளைச் சுற்றிக் கருநுனியும் உள்ள ஒஸ்டேரியஸ் மெலனோபைஜியஸ் 1879-இல் நியூசிலாந்து மாதிரிகளை வைத்து விவரிக்கப்பட்டது. இன்று தென்னாப்பிரிக்கா உட்படப் பல நாடுகளில் இருக்கிறது. அதைப் பிடித்துவிட்டுப் புதிது என்று மகிழக் கூடாது.

பிறகு உலகச் சிலந்திப் பட்டியல். நார்மன் பிளாட்னிக் நியூயார்க்கில் தொடங்கியது, 2014 முதல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்துகிறது. இலவசமாகப் பதிவு செய்தால் ஒவ்வொரு சிற்றினத்தின் மூலக்கட்டுரையையும் படிக்கலாம். தென்னாப்பிரிக்காவுக்கு ருடி ஜோக்கே 1984-இல் பிரிட்டோரியா சேகரிப்பின் லினிஃபிடே சிலந்திகளைப் பற்றி எழுதியது அவசியம். ஆனால் நம் நாட்டோடு நிற்காதீர்கள். லெசோத்தோ, கென்யா, தான்சானியா மலைகளில் கிடைத்தவற்றையும் படத்துக்குப் படம் ஒப்பிடவேண்டும். அரசியல் எல்லைக்கோடு சிலந்திக்குத் தெரியாது.

இந்த இடத்தில் ஆய்வாளரைத் தேடிப்போங்கள். 1997-இல் தொடங்கி ஆன்சி டிப்பெனார்-ஷோமன் வழிநடத்திய தென்னாப்பிரிக்கத் தேசியச் சிலந்தியினக் கணக்கெடுப்பு பொதுமக்களின் மாதிரிகளையும் படங்களையும் சேர்த்துக்கொண்டே வளர்ந்தது. பிரிட்டோரியாவில் தேசியச் சேகரிப்பு இருக்கிறது. எங்களுக்குப் பக்கம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் குவாசுலு-நாட்டால் அருங்காட்சியகம். 1935-இல் அங்கே இயக்குநராக வந்த ரெஜினால்ட் லாரன்ஸ் காட்டுத்தரையின் மறைவுயிர்களுக்காகவே வாழ்நாளைச் செலவிட்டவர். அவர் நடந்த காடுகளில்தான் நாமும் சலிக்கிறோம். எழுதும்போது 'புதிய சிற்றினம் கண்டுபிடித்துவிட்டேன்' என்று தொடங்காதீர்கள். பால்ப் படம், சீட்டின் விவரம், நீங்கள் ஒப்பிட்டவை எவை என்ற பட்டியல், இந்த மூன்றை அனுப்புங்கள். அவர்களே கேட்பார்கள்.

ஆய்வாளர் செய்வது: நெருங்கிய சிற்றினங்களின் அசல் மாதிரிகளை மற்ற அருங்காட்சியகங்களிலிருந்து வரவழைத்து நேரில் ஒப்பிடுவார். முடிந்தால் ஒரு காலை எடுத்து, சிற்றினங்களை ஒப்பிட உதவும் சி.ஓ.ஐ. மரபணுவின் 658 எழுத்துத் துண்டைப் படிப்பார். கூனுள்ள ஆண், கூனில்லாத ஆண் என்று முன்பு சொன்னது நினைவிருக்கிறதா? தலை வேறாக இருந்தால் சிற்றினம் வேறு என்று முடிவு செய்ய முடியாது. மரபணுவையும் பால்ப்பையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தத் தவறு நேராமல் இருக்கும்.

எழுதுவது, பெயர் வைப்பது

விலங்குகளின் பெயர்களுக்கு ஒரு சர்வதேச விதித்தொகுப்பு இருக்கிறது. மற்ற விலங்குகளுக்கெல்லாம் கணக்கு 1758-இல் லின்னேயஸிடமிருந்து தொடங்குகிறது. சிலந்திக்கு மட்டும், ஸ்வீடனின் கார்ல் கிளார்க் 1757-இல் வெளியிட்ட பெயர்கள் அதற்கும் முந்தியவையாக மதிக்கப்படுகின்றன. சிலந்திப் பிரியர்களுக்கு இதில் ஒரு தனிப் பெருமை.

ஒரே ஒரு மாதிரியை ஹோலோடைப் என்று குறிக்கவேண்டும். அந்தப் பெயர் எந்தச் சிலந்திக்கு என்று நாளை சந்தேகம் வந்தால் அந்த ஒரு உடம்புதான் சாட்சி. அது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கும் என்பதையும் எழுதவேண்டும். நெருங்கியவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்ற பகுதிதான் கட்டுரையின் உயிர். 'அழகான பழுப்புச் சிலந்தி' என்று பத்துப் பக்கம் எழுதினாலும் இது இல்லாவிட்டால் பயனில்லை. பிறகு அளவுகள், படங்கள், கிடைத்த இடங்கள், வாழும் விதம். 2012 முதல் இணையத்தில் மட்டும் வெளிவரும் கட்டுரையும் செல்லும், ஆனால் வெளிவருமுன் விலங்குப் பெயர்களுக்கான ஜூபேங்க் பதிவேட்டில் பதிந்திருக்கவேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் அருங்காட்சியகத்தோடு பிறந்து வளர்ந்த ஆஃப்ரிக்கன் இன்வெர்ட்டிப்ரேட்ஸ் இதழ் இந்த மண்ணின் உயிர்களுக்கு ஏற்ற இடம்.

பெயர் லத்தீன் எழுத்தில் இருக்கவேண்டும், லத்தீன் பெயரடையென்றால் பேரினத்தின் பாலோடு ஒத்துப்போகவேண்டும். எரிகோனே பெண்பால், அதனால் 'கறுத்த' என்பது அங்கே 'அட்ரா'. ஈடோதோராக்ஸ் ஆண்பால், அதனால் 'கூனல்' என்பது 'கிப்போசஸ்'. ஊர்ப்பெயரென்றால் '-என்சிஸ்' சேரும். ஆளின் பெயரென்றால் ஆணுக்கு '-ஐ', பெண்ணுக்கு '-ஏ' விகுதி. தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது மரபில்லை. எனக்குப் பிடித்தது ஊர்ப்பெயர்தான். காடு அழிந்தாலும் அந்த ஊரின் பெயரை அந்தச் சிலந்தி சுமந்துகொண்டிருக்கும். தமிழ்ச் சொல்லையும் வைக்கலாம், விதி தடுக்கவில்லை; கட்டுரையில் அதன் பொருளை விளக்கினால் நல்லது.

வெளிவந்த பிறகு

உலகப் பட்டியலில் உங்கள் சிலந்தியின் பெயரைத் தேடிப் பாருங்கள். பக்கத்தில் ஆண், பெண் குறிகள் இருக்கும். பல குள்ளச் சிலந்திகளுக்கு ஆண் குறி மட்டும்தான் இருக்கிறது, ஏனென்றால் குழிப்பொறியில் அலைந்து விழுந்தது ஆண் மட்டுமே. பெண் அதே மரத்தடியில், ஏதோ ஓர் இலை மடிப்புக்குள், தன் பந்தலுக்கடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. உங்கள் சீட்டில் நான்கு தசம இலக்கத்தோடு இடம் இருக்கிறது. அடுத்த தீபாவளிக்குப் பிறகு, முதல் நல்ல மழை பெய்த மறுநாள், சல்லடையையும் சுளகையும் எடுத்துக்கொண்டு அதே இடத்துக்குப் போங்கள்.